பி.ஏ. தத்துவம்: முதல் வருஷத்தை எப்படிப் படிப்பது

அட்மிஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவோ மாமாவோ கேட்கும் முதல் கேள்வி, "தத்துவமா? அதைப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்பதுதான். அதற்குப் பதில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பாடத்தை எப்படித்தான் படிப்பது? பள்ளியில் நாம் இந்தப் பாடத்தைப் பார்த்ததே இல்லை. கணக்கு, வரலாறு, வணிகவியல் என்றால் எப்படிப் படிக்க வேண்டும் என்பது கைக்குப் பழகியிருக்கும். தத்துவத்துக்கு அந்தப் பழக்கம் உதவாது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் பலர் முதல் செமஸ்டரில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். நான் சென்னையில் பி.ஏ. தத்துவம் படித்தவன். இப்போது முதல் வருஷப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

சேரும் முன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் இளங்கலையில் தத்துவம் இருக்கும் கல்லூரிகள் குறைவு. சென்னையில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியும் மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியும் இந்தப் பாடத்துக்கு நெடுநாளாகத் தெரிந்த பெயர்கள். கிறித்தவக் கல்லூரி 1937-இல்தான் தாம்பரத்துக்குப் போனது. அதற்கு முன் நகருக்குள் இருந்த காலத்தில்தான் ராதாகிருஷ்ணன் அங்கே தத்துவம் படித்தார். பிறகு 1909-இல் மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் விண்ணப்பம் போடும் முன் சிலபஸை வாங்கிப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்வதால், பட்டம் ஒன்றானாலும் உள்ளே இருப்பது வேறுபடும். தர்க்கம், அறவியல், கிரேக்கத் தத்துவம், பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்திலிருந்து ஜெர்மன் தத்துவவாதி கான்ட் வரையிலான ஐரோப்பியத் தத்துவம், இந்தியத் தத்துவம் ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இருந்தால் அடித்தளம் சரி. சைவ சித்தாந்தம், மதங்களின் தத்துவம், அரசியல் தத்துவம் எல்லாம் அதற்கு மேல் வருபவை. கல்லூரிக்குப் போக முடியாத சூழல் என்றால் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலையில் படிக்கலாம். அங்கே சேராதவர்கள்கூட அதன் பாடப் புத்தகங்களை இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சேருவதற்கு முந்தைய மாதமே தர்க்கத்தின் முதல் இரண்டு யூனிட்டுகளை அதில் படித்துப் பாருங்கள். பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பள்ளி ஆசிரியராவதுதான் உங்கள் குறி என்றால், சேரும் முன்பே பி.எட். தகுதி விதிகளை விசாரித்துவிடுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்புகளில் தத்துவம் தனிப் பாடமாக இல்லை. மூன்று வருஷம் கழித்து இது தெரியவந்தால் மனசு உடைந்துபோகும். அப்படி உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பரபக்கம், பிறகு சுபக்கம்

தத்துவம் படிப்பதற்கென்று ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. பிறர் தரப்பைச் சொல்லும் பரபக்கம் முதலில், தன் தரப்பைச் சொல்லும் சுபக்கம் அடுத்து. தன் சைவ சித்தாந்தத்தைச் சொல்லுமுன், கண்ணுக்குத் தெரியும் உலகம் மட்டுமே உண்மை என்கிற உலகாயதம் தொடங்கிப் பதினான்கு மதங்களின் கொள்கைகளை எடுத்து வைக்கிறார். ஒவ்வொன்றிலும் எதிராளி என்ன சொல்கிறான், ஏன் சொல்கிறான் என்று முதலில் பாடல்கள். மறுப்பு அதற்கு அப்புறம்தான். வடமொழி நூல்களிலும் பூர்வபக்ஷம் என்று இதே முறை உண்டு.

உங்கள் மூன்று வருஷமும் இந்த முறையில்தான் நடக்க வேண்டும். ஒரு தத்துவவாதி சொல்வதை, அவரே கேட்டால் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்லத் தெரிந்த பிறகுதான் "எனக்கு இது சரியாகப் படவில்லை" என்று சொல்லும் உரிமை வருகிறது. பிளேட்டோ கவிஞர்களை விரட்டினார், சங்கரர் உலகமே பொய் என்றார் என்று ஒற்றை வரியில் தள்ளிவிடுவது சுலபம். உலகாயதர்களைப் பாருங்கள். அவர்கள் எழுதிய நூல்கள் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களை மறுத்தவர்கள் எடுத்துச் சொன்னதை வைத்துத்தான் அவர்களை அறிகிறோம். எதிராளியின் வாதத்தை நேர்மையாகச் சொல்வது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஐந்து பக்கத்தை ஒரு மாலை முழுக்க

தெகார்த்தின் 'மெடிடேஷன்ஸ்' 1641-இல் லத்தீனில் வந்தது. அதன் முதல் தியானம் ஆங்கிலத்தில் ஐந்தாறு பக்கம்தான். பெரும்பாலான கல்லூரிகளில் இரண்டாம் வருஷத்தில் வரும், ஆனாலும் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். எப்படி வாசிப்பது என்று இதை வைத்தே காட்டுகிறேன்.

முதல் வாசிப்பு வேகமாக. பேனா வேண்டாம். எதைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்தால் போதும்.

இரண்டாவது வாசிப்பில் பென்சிலோடு உட்காருங்கள். முதலில் தெகார்த் சொல்வது இது: நான் இதுவரை உண்மையென்று நம்பியதெல்லாம் புலன்கள் வழியாக வந்தது. புலன்கள் சில சமயம் ஏமாற்றுகின்றன. ஒரு முறை நம்மை ஏமாற்றியவர்களை முழுசாக நம்பாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

இங்கே நிறுத்துங்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? என்னோடு வாசித்த பிள்ளைகள் பாதிப் பேர் இந்த இடத்தில், "தூரத்தில் இருப்பதைப் பார்த்துத் தப்பாக நினைக்கலாம், அதுக்காகக் கையில் இருக்கிற புத்தகத்தையே சந்தேகப்படுவார்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அருமையான கேள்வி. இதை மார்ஜினில் எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போங்கள். தெகார்த்தே அதைத்தான் கேட்கிறார். சின்னஞ்சிறு பொருளையும் தொலைவில் உள்ளதையும் பற்றிப் புலன்கள் ஏமாற்றலாம், ஆனால் நான் இங்கே தீயருகே குளிர் அங்கியோடு இந்தக் காகிதத்தைக் கையில் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன் என்பதை எப்படிச் சந்தேகிப்பது? உடனே அவரே பதிலும் தேடுகிறார். உடை களைந்து படுக்கையில் கிடக்கும்போதே, தீயருகே அங்கியோடு உட்கார்ந்திருப்பதாக எத்தனை முறை கனவு கண்டிருக்கிறேன்!

"சரி, கனவிலும் இரண்டும் மூன்றும் ஐந்துதானே?" என்று தோன்றினால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் அடுத்த பத்தியில் வருகிறது. அதற்கும் மேலே, தன்னை ஏமாற்றுவதற்கென்றே ஒரு சக்தி வாய்ந்த தீய ஆவி இருந்தால் என்ன செய்வது என்று போகிறார்.

மூன்றாவது வாசிப்பு புத்தகத்தை மூடிவிட்டு. ஒரு வெள்ளைத் தாளில் இந்தப் படிகளை உங்கள் சொந்தத் தமிழில் எண் போட்டு எழுதுங்கள். எந்தப் படியில் கை நிற்கிறதோ அங்கே உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அந்தப் பத்தியை மட்டும் திறந்து பாருங்கள். வகுப்பு நோட்ஸையும் கைடையும் இதற்குப் பிறகு எடுங்கள். ஏஐயிடம் சுருக்கம் கேட்பதும் அப்படித்தான். முதலிலேயே கேட்டுவிட்டால் மார்ஜினில் அந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியிருக்காது. இந்தப் படிப்பில் நீங்கள் சம்பாதிப்பது அந்தக் கேள்விகளைத்தான்.

நேரக் கணக்கு ஒன்று சொல்கிறேன். மூல நூலில் ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து பக்கம் போனால் நல்ல வேகம். வரலாற்றுப் பாடத்தை முப்பது பக்கம் ஓட்டும் தோழியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

லாஜிக்: தினமும் அரை மணி

தர்க்கத்தை மட்டும் வேறு விதமாகப் படிக்க வேண்டும். இது கணக்கு மாதிரி, கை போட்டுப் பழகினால்தான் வரும். +2-வில் கணக்கு இல்லாத பிள்ளைகள் பயப்படுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, கூற்றுகள் உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கும் எல்லா வாய்ப்புகளையும் வரிசைப்படுத்தும் ட்ரூத் டேபிளில் இரண்டு கூற்று என்றால் நாலு வரிசை, மூன்று என்றால் எட்டு. அவ்வளவுதான் எண்கணிதம்.

முதல் வாரத்திலேயே தெளிவாக வேண்டியது ஒரு வித்தியாசம். எல்லா மீனும் பறக்கும். சுறா ஒரு மீன். ஆகவே சுறா பறக்கும். இந்த வாதத்தில் முடிவு தப்பு, ஆனால் வாதத்தின் வடிவம் சரி. முதல் இரண்டு கூற்றும் உண்மையாக இருந்திருந்தால் முடிவும் உண்மையாகத்தான் இருந்தாக வேண்டும். இதைத்தான் வேலிட் என்கிறார்கள். வடிவமும் சரியாக இருந்து கூற்றுகளும் உண்மையாக இருந்தால் சவுண்ட். "உன் பேச்சு வேலிட்" என்று நண்பர்களிடம் சொல்லிப் பழகிய அர்த்தத்தைக் கல்லூரி வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று. மழை பெய்தால் தெரு நனையும், தெரு நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது. படிக்கும்போது சரியாகத்தான் தோன்றும். ஆனால் தண்ணி லாரி கசிந்துகொண்டே போயிருக்கலாம். இந்தப் பிழையை ஒரு வாரம் செய்தித்தாளிலும் டிவி விவாதங்களிலும் தேடுங்கள். ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தேர்வுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியிருக்காது. பயிற்சிக்கு 'ஃபார் ஆல் எக்ஸ்' என்ற பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கணக்குகளோடு.

தர்க்கம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் மணிமேகலையின் 29-ஆவது காதையைத் திறக்க வேண்டும். அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லித் தருவது பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்ற ஐந்து உறுப்புகளை. இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. திட்டாந்தம் எது தெரியுமா? அடுக்களை. புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை எல்லோரும் தினமும் பார்க்கிற இடம். இந்த மலையும் புகையுடையது என்பது உபநயம், ஆகவே நெருப்புடையது என்பது நிகமனம். எந்தெந்த விதத்தில் இந்த உறுப்புகள் பழுதாகும் என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது. இந்தியத் தத்துவத் தாளில், தர்க்கத்துக்குப் பேர்போன நியாய தரிசனம் வரும்போது இதே மலையும் புகையும் வரும், சமையலறையோடு சேர்ந்து. அரிஸ்டாட்டிலின் மூன்று வரி வாதத்தில் உதாரணத்துக்கு இடம் கிடையாது, இங்கே ஏன் அது ஓர் உறுப்பாகவே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்தப் படிப்பின் மேல் உண்மையான ஆசை வந்தது இந்தக் கேள்வியில்தான்.

தமிழ் மீடியத்திலிருந்து வருபவர்களுக்கு

ஆங்கிலம்தான் தடை என்று நினைக்கிறீர்கள். பாதி தடை கலைச்சொல். அது ஆங்கில மீடியத்தில் படித்தவருக்கும் புதுசுதான். எபிஸ்டமாலஜி என்ற சொல்லை அவரும் இப்போதுதான் பார்க்கிறார். உங்களுக்கு ஒரு வசதி உண்டு, 'அறிவாய்வியல்' என்று எழுதியதும் பாதி அர்த்தம் தெரிந்துவிடுகிறது.

ஒரு நோட்டை இரண்டாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் ஒரு வரி விளக்கமும் உங்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணமும். ஒரு செமஸ்டருக்கு நூறு சொல் சேர்ந்தால் போதும். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஒரு காலத்தில் கல்லூரிப் பாடங்களைத் தமிழிலேயே நூல்களாக வெளியிட்டது. தத்துவமும் அளவையியலும் அவற்றில் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். நடை கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் கருத்து தெளிவாக நிற்கும்.

பழைய ஆங்கிலம் முரண்டு பிடித்தால், தெகார்த், லாக், ஹியூம் எழுதியதை இன்றைய எளிய ஆங்கிலத்தில் மாற்றித் தரும் 'எர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ்' தளம் இருக்கிறது, இலவசம். ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியமும் இலவசம். ஆனால் அது ஆராய்ச்சியாளர்களுக்கும் சேர்த்து எழுதப்பட்டது. முதல் வருஷத்தில் ஒரு கட்டுரையின் முன்னுரையை மட்டும் படித்தால் போதும். சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய் உட்கார்ந்து படிக்கத் தனி இடமே உண்டு. ஹாஸ்டல் அறையில் நாலு பேர் நடுவில் கான்ட்டைப் படிக்க முடியாது.

கான்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. வரிசை முக்கியம். ஹியூமைப் படிக்காமல் கான்ட்டுக்குள் போகாதீர்கள். ஹியூம்தான் தன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார் என்று கான்ட்டே எழுதியிருக்கிறார். எழுப்பிய சத்தம் கேட்காதவருக்கு, 1781-இல் வந்த கான்ட்டின் 'கிரிட்டிக் ஆஃப் ப்யூர் ரீசன்' என்ற அந்தப் பெரிய புத்தகம் எதற்குப் பதில் சொல்கிறது என்றே புரியாது.

வகுப்பில் கேள்வி கேட்பது

1643 மே மாதம், பொஹிமியாவின் இளவரசி எலிசபெத் தெகார்த்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. உடல் வேறு, ஆன்மா வேறு என்கிறீர்கள். ஒரு பொருள் இன்னொன்றைத் தள்ள வேண்டுமென்றால் தொட வேண்டும். ஆன்மாவுக்கு நீளமும் அகலமும் இல்லை, இடமும் இல்லை. அப்படியானால் அது எப்படி உடலை அசைக்கிறது? தெகார்த் பதில் எழுதினார். அவளுக்கு அது போதவில்லை. போதவில்லை என்று மரியாதையாகத் திரும்ப எழுதினாள். மனம், உடல் பற்றி இன்றைக்கு எழுதுகிறவர்களும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடிவதில்லை.

அவள் கேட்ட விதத்தைப் பாருங்கள். "ஆன்மா என்று ஒன்று கிடையாது" என்று அவள் சண்டைக்குப் போகவில்லை. நீங்கள் சொன்ன இரண்டு விஷயங்களும் சேர்ந்து நிற்கவில்லையே என்றுதான் காட்டினாள். வகுப்பில் கேட்கவும் அதுவே வழி: "சார், மூணாவது பாராவில் இப்படிச் சொல்கிறார், அஞ்சாவதில் இப்படி. இரண்டும் எப்படிச் சேரும்?" இப்படிக் கேட்டால் எந்த ஆசிரியரும் உட்கார்ந்து பேசுவார். மதம், சாதி, கடவுள் பற்றிய பாடங்களில் வகுப்பு சூடாகும்போதும் இந்த முறைதான் காப்பாற்றும். வீட்டில் கும்பிடும் சாமியைப் பற்றிய வாதத்தை மறுக்கத் தெரியவில்லை என்பதற்காக யாரும் பக்தியை விட்டுவிடத் தேவையில்லை. வகுப்பில் நம்பிக்கையோடு ஒருவர் பேசும்போது மற்றவர் சிரிக்கவும் கூடாது.

எழுதுவது

என் முதல் இன்டர்னல் தேர்வில் சாக்ரடீஸ் பற்றிய கேள்விக்கு மூன்று பக்கம் எழுதினேன். அவர் பிறப்பு, அப்பா சிற்பி, அம்மா மருத்துவச்சி, கி.மு. 399-இல் விசாரணை, விஷம் குடித்தது. பத்துக்கு மூன்றுதான் வந்தது. கேள்வி அவருடைய முறையைப் பற்றியது, வாழ்க்கையைப் பற்றியது அல்ல. அன்று ரொம்ப வருத்தப்பட்டேன். ஆனால் மதிப்பெண் போட்டவர் செய்தது சரி.

பத்து மதிப்பெண் கேள்விக்கு நான் சொல்லித் தரும் வழி இது. முதல் இரண்டு வரியில் எந்தப் பிரச்சினைக்கு இந்தத் தத்துவவாதி பதில் தேடுகிறார் என்று எழுதுங்கள். பிறகு அவர் வாதத்தைப் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி. நடுவில் ஓர் உதாரணம், கைடில் இருப்பது வேண்டாம், உங்களுடையது. அதன் பின் வலுவான ஒரே ஒரு ஆட்சேபம், அதற்கு அவர் தரப்பிலிருந்து என்ன பதில் வரக்கூடும் என்பது. கடைசியில் உங்கள் தீர்ப்பு, இரண்டு வரி. நாலு ஆட்சேபத்தை வரிசையாக அடுக்குவதைவிட ஒன்றை முழுசாகப் பேசுவது நல்லது. சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பொதுவாக எழுத்துத் தேர்வுக்கு 75, இன்டர்னலுக்கு 25. அந்த 25-ஐ அசைன்மென்டும் செமினாரும்தான் தீர்மானிக்கும். இணையத்திலிருந்து ஒட்டிக் கொடுக்காமல் மேலே சொன்ன மாதிரி ஒன்றே ஒன்று சொந்தமாக எழுதிக் கொடுங்கள். ஆசிரியர் உங்கள் பெயரை நினைவில் வைத்துக்கொள்வார்.

பெரியப்பாவுக்குப் பதில்

பட்டம் முடித்ததும் மூன்று வருஷ எல்.எல்.பி. போகலாம். தர்க்கமும் அறவியலும் படித்தவருக்கு அது பழகிய நிலம். எம்.ஏ. முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதலாம், தத்துவம் அதில் ஒரு பாடம். அதிலேயே ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆய்வுக்கு உதவித்தொகை. யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாள், 500 மதிப்பெண். அதோடு 250 மதிப்பெண்ணுக்கு அறவியல் தாள் எல்லோருக்கும் உண்டு. எந்தப் பட்டமும் போதும் என்கிற டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகளும் திறந்தேதான் இருக்கின்றன. பட்டத்தைப் பார்த்ததும் கூப்பிட்டு வேலை கொடுக்கும் கம்பெனி கிடையாது, அதை மறைக்க மாட்டேன். மூன்றாம் வருஷம் தொடங்கும்போதே எந்தப் பக்கம் என்று முடிவு செய்து தயாராக வேண்டும். பெரியப்பா கேட்பது அக்கறையில்தான். இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் பெரும்பாலும் சமாதானமாகிவிடுவார்.

கூட ஒருவர்

தனியாகப் படித்தால் இந்தப் பாடம் சீக்கிரம் கனத்துவிடும். வகுப்பில் ஒருவரையோ இருவரையோ பிடித்துக்கொள்ளுங்கள், மூன்று பேருக்கு மேல் வேண்டாம். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஐந்து பக்கம். பிளேட்டோவின் 'அபாலஜி'யிலிருந்து தொடங்கலாம், நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் பேசுவதுதான் முழுக்க, கலைச்சொல் ஏதும் குறுக்கே வராது. ஒருவர் அந்த ஐந்து பக்கத்தின் வாதத்தைப் புத்தகம் பார்க்காமல் சொல்ல வேண்டும். மற்றவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விட்டுப்போனதைச் சொல்ல வேண்டும். மறுப்பு எதுவும் முதல் அரை மணிக்குள் வரக்கூடாது. அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்ளுங்கள்.